கணிதப் பட்டமும் சென்னை உத்தியோகமும்

சென்னை மாகாணத்தில் கணித சாஸ்திரத்தை முறையாகக் கற்றுத் தேர்ந்தவர்கள் அந்தக் கல்வியைக் கொண்டு எந்தெந்த வாசல்களில் ஏறி ஜீவனத்தைத் தேடிக்கொண்டார்கள் என்று ஆராயப் புகுந்தால், அவர்களுடைய வரலாறு கலாசாலைகளின் வரலாற்றைக் காட்டிலும் சர்க்கார் கச்சேரிகளின் வரலாற்றோடுதான் நெருக்கமாகப் பின்னிக்கிடக்கிறது என்பது விளங்கும். நில அளவை, வானாராய்ச்சி, ரெவினியூ, கஜானா, துறைமுகம் என்று கணக்குத் தேவைப்பட்ட இடங்களிலெல்லாம் அவர்கள் அமர்ந்தார்கள். வயிற்றுக்காக ஏற்றுக்கொண்ட அந்த உத்தியோகங்களின் நிழலிலேயே, மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும், உயர்ந்த கணிதம் இந்த மாகாணத்தில் நெடுங்காலம் உயிர் தரித்து நின்றது. கணிதத்துக்குக் கச்சேரிக் கணக்கர்கள் செய்த இந்த உபகாரம் போதிய அளவு போற்றப்படவில்லை என்பது என் எண்ணம்.

கும்பினியார் வருவதற்கு முன்னமே கணக்கு இங்கே ஒரு தொழிலாக நிலைபெற்றிருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன் மணலில் விரலால் எழுதிப் பழகி, எண்சுவடியை மனப்பாடம் செய்து, முந்திரி, காணி, மா என்னும் கீழ்வாய் இலக்கங்களில் தேர்ச்சி பெற்று, கணக்கதிகாரம் போன்ற நூல்களின் வழியே நிலத்தின் பரப்பையும் நெல்லின் அளவையும் கணிக்கக் கற்றான். ஆயினும் அந்த வித்தையால் கிடைக்கக்கூடிய கணக்குப்பிள்ளை உத்தியோகம் பெரும்பாலும் தகப்பனிடமிருந்து மகனுக்குச் செல்லும் பரம்பரைப் பாத்தியமாக இருந்தமையால், புத்தி எவ்வளவு கூர்மையானதாயினும் பிறப்பு வாய்க்காதவனுக்கு அந்த வாசல் திறந்ததில்லை. பஞ்சாங்கம் கணித்தவர்களின் தொழிலும் குடும்ப வித்தையாகவே இருந்தது. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் சில காலம் பொறுப்பு வகித்த ஜான் வாரன், 1825-இல் ‘கால சங்கலித’ என்ற நூலை வெளியிட்டார். தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பிக்கொண்டு, மனத்தில் பதித்து வைத்திருந்த வாய்பாடுகளின் பலத்தாலேயே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அவர் விவரித்திருக்கிறார். கிரகணத்தின் தொடக்கத்தில் அந்தக் கணிப்பு 4 நிமிஷமே பிழைத்தது. முடிவில் 52 நிமிஷம் பிழைத்தது. காகிதமோ கருவியோ இல்லாமல் இத்தனை நெருங்கி வந்த ஒரு மூளைக்கு அந்நாளில் பஞ்சாங்கத்துக்கு அப்பால் வேறு வேலை இருக்கவில்லை என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

பரம்பரைக்குப் புறம்பான முதல் வாசலைத் திறந்தது நில அளவை. நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்துக்கு அடிகோலிய மைக்கேல் டாப்பிங் என்பவரே 1794-இல் சில சிறுவர்களைச் சேர்த்து அளவை வித்தை பயிற்றும் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது அந்தப் பள்ளியே. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியிட்டு அளந்தபோது, தேசம் முழுவதையும் முக்கோணங்களால் அளக்கும் மகத்தான காரியம் தொடங்கியது. மலைமேல் ஏறிக் கோணங்களை அளப்பது அந்தக் காரியத்தில் ஒரு பாதிதான். ஒவ்வொரு முக்கோணத்திலும் பூமியின் வளைவால் நேரும் மிகுதியைக் கழித்து, காற்றில் ஒளி வளைவதால் விளையும் பிழையைத் திருத்தி, மடக்கை அட்டவணைகளைப் புரட்டிப் புரட்டிப் பக்கங்களின் நீளத்தைக் காணும் மறுபாதி, மேஜையருகே அமர்ந்திருந்த கணிப்பாளர்களின் தலையில் விழுந்தது. வங்காளத்து ராதாநாத் சிக்தார் 1831-இல் இந்த வேலையில் சேர்ந்து, பிற்பாடு தலைமைக் கணிப்பாளராக உயர்ந்தார். ஆற்காட்டுக்காரரான சையத் மோசின், சென்னையில் நகை வேலை செய்துகொண்டிருந்தவர், அளவை இலாகாவின் கணிதக் கருவிகளைச் செப்பனிடும் நிபுணராக அதன் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்டின் நன்மதிப்பைப் பெற்றார்.

நுங்கம்பாக்கத்திலேயே இன்னொருவர் இருந்தார். சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கக் கணித மரபில் தோன்றியவர். இளம் வயதிலேயே வானாராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, நார்மன் போக்ஸனின் கீழ் முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார். 1872-இல் லண்டன் ராயல் வானவியல் சங்கத்தின் அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவரே. 1874-ஆம் ஆண்டு டிசம்பரில் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடக்க இருந்த நிகழ்ச்சியைப் பாமரரும் அறியும் பொருட்டுத் தேச பாஷைகள் பலவற்றில் சிறு நூல் வெளியிட்டதோடு, தொலைநோக்கி கண்டதற்கேற்பப் பழைய பஞ்சாங்கத்தையே திருத்த வேண்டும் என்று வாதாடித் திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்றையும் கணித்து வெளியிட்டார். சம்பளத்துக்குச் செய்த வேலையும் குலத்தின் வித்தையும் ஒரே மனிதரிடத்தில் கூடிவந்து ஒன்றையொன்று செம்மைப்படுத்திய இந்த அபூர்வம், பின்வந்த பட்டதாரிகளில் வெகு சிலருக்கே வாய்த்தது.

1857-இல் சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்ட பிறகு கணிதப் பட்டதாரிகளின் தொகை பெருகிற்று. கணிதத்துக்கென்றே ஏற்பட்ட உத்தியோகங்கள் பெருகவில்லை. கலாசாலைகளில் ஆசிரிய ஸ்தானம் சிலருக்கே கிட்டியது. மற்றவர்களுக்குக் கணிதம் ஒரு சல்லடையாகவே பயன்பட்டது. சிவில் சர்வீஸ் பரீட்சையிலும் நிதி இலாகாப் பரீட்சையிலும் அதிக மதிப்பெண்ணைத் தேடித்தரும் பாடம் என்று அதைப் படித்தார்கள், தேறினார்கள், தேறிய மறுநாளே மறந்தார்கள். 1907-இல் நிதி இலாகாப் பரீட்சையில் முதலாவதாகத் தேறிக் கல்கத்தாவுக்குக் கணக்கு அதிகாரியாகச் சென்ற சந்திரசேகர வேங்கட ராமன், பகலில் சர்க்கார் கணக்கையும் மற்ற நேரங்களில் பௌதிக ஆராய்ச்சியையும் பத்தாண்டுக் காலம் சேர்த்து நடத்தி, 1917-இல் அந்தப் பெருஞ்சம்பளத்தைத் துறந்து பேராசிரியரானார் என்றால், அத்தகைய திடசித்தம் எல்லோருக்கும் கூடுவதன்று.

எனினும் மறந்தவர்களை மட்டும் எண்ணி நாம் பெருமூச்செறிய வேண்டியதில்லை, மறவாதவர்களும் இருந்தார்கள். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவர் ஒரு பேராசிரியரல்லர், டிப்டி கலெக்டரான வி. ராமஸ்வாமி ஐயர். கணித நூல்களும் பத்திரிகைகளும் தனி மனிதர் ஒருவரால் விலை கொடுத்து வாங்க முடியாதவையாக இருந்தமையால், அன்பர்கள் பலர் சேர்ந்து சந்தா செலுத்தி அவற்றை வரவழைத்துத் தமக்குள் சுற்றுக்கு விடலாம் என்ற எளிய யோசனையோடு 1907-இல் அவர் தொடங்கிய சங்கம், இரண்டே ஆண்டுகளில் சொந்தமாக ஒரு சஞ்சிகையை நடத்தும் நிலைக்கு உயர்ந்தது. ஜமாபந்திக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பிய ஒரு ரெவினியூ அதிகாரிக்கு இந்தச் சிரத்தை எங்கிருந்து வந்தது என்று நான் பலமுறை வியந்ததுண்டு.

அந்தச் சிரத்தையின் பலனை 1910-இல் ஒரு வாலிபர் அனுபவித்தார். கும்பகோணத்தில் உபகாரச் சம்பளத்தை இழந்து, எஃப். ஏ. பரீட்சையிலும் தவறி, பட்டமில்லாத காரணத்தால் எந்தக் கச்சேரியின் படியையும் ஏற முடியாதிருந்த சீனிவாச ராமானுஜன், திருக்கோவிலூரில் இருந்த ராமஸ்வாமி ஐயரைத் தேடிச் சென்று, ஏதேனும் ஒரு குமாஸ்தா வேலை கேட்டுத் தம் நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். அதைப் புரட்டிய ஐயருக்கு, இத்தகைய மேதையை ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைத்து நசுக்க மனம் வரவில்லை. சென்னையிலுள்ள நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கைமாறிக் கைமாறி அந்தச் சிபாரிசு நெல்லூர்க் கலெக்டரும் சங்கத்தின் காரியதரிசியுமான ராமச்சந்திர ராவிடம் வந்து சேர்ந்தது. அவர் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார்.

பிறர் தயவில் நெடுநாள் இருக்க ராமானுஜன் விரும்பவில்லை. அக்கௌண்டண்ட் ஜெனரல் கச்சேரியில் 20 ரூபாய்க்குச் சில வாரம் தற்காலிகமாக உழைத்துவிட்டு, 1912 மார்ச்சு முதல் தேதி துறைமுகக் கச்சேரியில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்குக் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கே அவருக்கு மேலதிகாரியாக வாய்த்த எஸ். நாராயண ஐயர், திருச்சிராப்பள்ளி புனித ஜோசப் கல்லூரியில் கணிதம் போதித்துவிட்டுத் துறைமுகக் கணக்குக்கு வந்தவர். கணிதச் சங்கத்தின் அங்கத்தினர். மாலை நேரங்களில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். ராமானுஜன் ஒரே தாவலில் கடந்த இடத்தைப் படிப்படியாக எழுதிக் காட்டும்படி நாராயண ஐயர் வற்புறுத்தினார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காதில் இந்த விஷயத்தைப் போட்டவரும் அவரே. 1913 பிப்ரவரியில் துறைமுகத்தைப் பார்வையிட வந்த வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர், தாமும் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலாவதாகத் தேறியவராதலின், ராமானுஜனுடைய எழுத்துகளைக் கண்டு சர்வகலாசாலைக்குக் கடிதம் எழுதினார். அதன் விளைவாக மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்து, கணிதம் செய்வதே அவருக்கு வேலையாயிற்று. இந்த வரலாற்றில் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டியின் பெயர் ஓங்கி ஒலிப்பது நியாயமே. ஆனால் ஹார்டிக்குக் கடிதம் எழுதும் வரையில் ராமானுஜனைத் தாங்கி நின்றவர்களோ ஒரு டிப்டி கலெக்டரும் ஒரு கலெக்டரும் ஒரு துறைமுகக் கணக்கருந்தாம். அவர்களுடைய அறையில் கணிதம் தெரிந்த கை ஒன்று இல்லாதிருந்தால், அந்த நோட்டுப் புத்தகம் எத்தனை மேஜைகளிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டிருக்கும் என்பதை எண்ணவும் அஞ்சுகிறேன்.

கணித ஆசிரியருக்குக் கிடைத்த ஊதியம் எவ்வளவு சொற்பமானது என்பதற்குச் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதனின் வாழ்க்கையே சான்று. கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, ராஜதானிக் கல்லூரியில் அதைப் போதித்து வந்தவர், நல்ல சம்பளத்தை முன்னிட்டு 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகரானார். போன சில நாட்களிலேயே தனிமை தாங்காமல் வகுப்பறைக்குத் திரும்ப விரும்பியவர், லண்டனுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பியபின், நூல்களைப் பகுத்து அடுக்குவதையே ஒரு சாஸ்திரமாக்கினார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக சாஸ்திரத்தின் ஐந்து விதிகளும் 1933-இல் வெளியான கோலன் பகுப்புமுறையும், அடிப்படைக் கொள்கைகள் சிலவற்றிலிருந்து படிப்படியாக விரித்துச் செல்லும் கணித மனத்தின் குழந்தைகள். கணிதம் ஒரு நல்ல ஆசிரியரை இழந்தது. நூலகங்கள் பெற்றதற்கு அளவில்லை.

ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் ஆயுளையும் பிரீமியத்தையும் கணிக்கும் ஆக்சுவரி என்னும் பதவி இருந்ததைப் பட்டதாரிகள் அறிந்திருந்தார்கள். லண்டன் ஸ்தாபனத்தின் பரீட்சைகளை ஆண்டுக்கணக்கில் எழுதித் தேறவேண்டிய அந்தக் கடினமான பாதையில் மிகச் சிலரே இறுதிவரை நடந்தார்கள். 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தால் அவர்களுக்குத் தேவை கூடியது; 1956-இல் 245 ஸ்தாபனங்கள் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷனுக்குள் ஒடுங்கியபோது எஜமானரும் ஒருவரேயானார்.

உண்மையான மாறுதல் புள்ளியியலோடு வந்தது. வாக்கர் வானிலை இலாகாவில் தம் குமாஸ்தாக்களை வைத்துக்கொண்டு, உலகின் பல மூலைகளில் பதிவான காற்றழுத்தத்துக்கும் மழைக்கும் உள்ள தொடர்பை எண்களில் தேடியதே அதற்கொரு முன்னறிகுறி எனலாம். கல்கத்தாவில் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931-இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் ஸ்தாபனம், சணல் விளைச்சலையும் நெல் விளைச்சலையும் மாதிரி அளவையால் மதிப்பிடும் வேலையில் இளைஞர்களை ஈடுபடுத்தியது. 1941-இல் கல்கத்தாச் சர்வகலாசாலை அந்தப் பாடத்தில் மேற்பட்ட வகுப்பையே தொடங்கியது. அதே வருஷத் தொடக்கத்தில் புள்ளியியல் ஸ்தாபனத்தில் வந்து சேர்ந்தவர், அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பல்லாரி ஜில்லாவில் பிறந்து, வால்டேர் ஆந்திர சர்வகலாசாலையில் கணிதத்தில் முதன்மையாகத் தேறியிருந்த சி. ராதாகிருஷ்ண ராவ். ஆராய்ச்சிக்கு உபகாரச் சம்பளம் கிட்டாமையால், யுத்த காலத்து ராணுவ அளவைப் பிரிவு ஒன்றில் கணிதர் வேலைக்காகப் பேட்டிக்குக் கல்கத்தா சென்றவரை, வயது போதாது என்று திருப்பிவிட்டார்கள். தங்கியிருந்த இடத்தில் புள்ளியியல் பயின்றுகொண்டிருந்த ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்ததே அவருடைய வாழ்க்கையின் திருப்பமாயிற்று. நான்கே வருஷங்களில், மதிப்பீடு ஒன்று எவ்வளவு துல்லியமாக இருக்கக்கூடும் என்பதற்கு எல்லை வகுத்த தேற்றத்தை அந்த இளைஞர் வெளியிட்டார். இருபது வயதில் வேலை தேடி அலைந்த ஒரு கணிதப் பட்டதாரிக்கு, முந்திய தலைமுறைக்கு இல்லாத ஒரு வாசல் அந்நாளில் திறந்திருந்தது என்பதே இதில் நான் காணும் செய்தி.

சுத்த கணிதத்துக்கும் சென்னையில் ஓர் இருக்கை அமைந்தது. வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் ராமானுஜன் கணித ஸ்தாபனம் தொடங்கப்பெற்று, டி. விஜயராகவன் அதன் முதல் தலைவரானார். பாடம் நடத்தும் கடமையின்றி ஆராய்ச்சிக்கென்றே சம்பளம் பெறலாம் என்ற நிலை இங்கே ஏற்பட்டது. 1955-இல் விஜயராகவன் மறைந்தார். 1957-இல் செட்டியாரும் மறையவே ஸ்தாபனம் மூடப்படும் அபாயம் நேர்ந்தது. வானவியல் அறிஞர் எஸ். சந்திரசேகர் பிரதமர் நேருவிடம் எடுத்துச்சொல்லி முயன்றதன் பயனாக, சர்வகலாசாலை அதை ஏற்றுக்கொண்டது. ஒரு தனவந்தரின் ஆயுளை நம்பியிருந்த சில கணிதர்களின் ஜீவனம் இவ்விதம் நிலைபெற்றது.

இதற்கிடையில் 1950-இல் தேசிய மாதிரி அளவை தொடங்கி, கிராமங்களில் குடும்பங்கள் என்ன உண்கின்றன, எவ்வளவு செலவிடுகின்றன என்று விசாரித்து எழுதிவர ஆட்களையும், எழுதி வந்ததைத் தொகுத்து ஆராயக் கணிதம் தெரிந்தவர்களையும் கேட்டது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் மகலனோபிஸின் கணித மாதிரியை ஆதாரமாகக் கொண்டு 1956-இல் வகுக்கப்பட்டது. 1961-இல் இந்தியப் புள்ளியியல் சர்வீஸ் என்று தனி உத்தியோக வரிசையே அமைந்து, பின்னர் அதற்கென்று போட்டிப் பரீட்சையும் ஏற்பட்டது. நிதி இலாகாவுக்கும் சிவில் சர்வீஸுக்கும் போட்டியிட்ட பழைய தலைமுறை பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவந்த கணிதத்தை, இந்தப் பரீட்சையில் தேறியவன் மறுநாள் தன் மேஜையில் மீண்டும் எடுத்து விரித்துக்கொள்ள வேண்டியிருந்தது.