புகையை எரித்த காற்று

மனிதன் ஆக்கிய யந்திரங்களில், தன் எஜமானனுக்கு யாதொரு பயனும் தராமல், அவனுடைய பணத்திலும் பெட்ரோலிலும் சிறிதளவைத் தின்றுகொண்டு, அவன் முகம் அறியாத ஊராரின் க்ஷேமத்துக்காக மட்டுமே உழைக்கும் உறுப்புகள் மிகச் சிலவே. 1966-ஆம் வருஷத்து மாடல் முதல் கலிபோர்னியாவில் விற்ற அமெரிக்க மோட்டார் கார்கள் பலவற்றின் எஞ்சினோடு இணைக்கப்பட்ட காற்றுப் பம்பு அந்தச் சிலவற்றுள் ஒன்று. வண்டி புறப்படவும் அது வேண்டியதில்லை, ஓடவும் வேண்டியதில்லை. ஒரு தலைமுறையினர் அதைக் கழற்றி எறிந்தார்கள். அடுத்த தலைமுறையினர் அதே பம்பைப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, இருந்த இடத்திலேயே திரும்ப மாட்டுகிறார்கள். இவ்விரண்டு செயல்களுக்கும் இடையே கிடப்பது ஒரு பட்டணத்து ஆகாயத்தின் சரித்திரம்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் மேற்கே சமுத்திரமும் மற்றப் பக்கங்களில் பெரும்பாலும் மலைகளும் சூழ்ந்த படுகையில் அமைந்தது. கடற்காற்றின் குளிர்ந்த அடுக்கு கீழே தங்க, அதன்மேல் உஷ்ணமான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் கவிந்துகொள்ளுமாதலால், கீழே எழும் புகை மேலே போக வழியின்றி ஊரின் மீதே தேங்கி நிற்கும். 1943-ஆம் வருஷம் ஜூலை மாதம் 26-ஆம் தேதி அந்நகரத்தார் கண் எரிய, தொண்டை கமற, சில வீதிகளுக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் தவித்தபோது, யுத்த காலமாகையால் சத்துருக்கள் விஷவாயுவை ஏவிவிட்டார்களோ என்றுகூடச் சிலர் அஞ்சினார்கள். பின்னர் செயற்கை ரப்பருக்கான ரசாயனப் பொருளைச் செய்த ஓர் ஆலையின் மேல் பழி விழுந்தது. ஆலையைச் சிறிது காலம் மூடியும் பார்த்தார்கள். ஆனால் புகைமூட்டம் நீங்கவில்லை. 1947-இல் அந்த ஜில்லாவுக்கென்றே காற்று மாசைத் தடுக்கும் இலாகா ஒன்று ஏற்பட்டு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளையும் உலைகளையும் ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்தி, கொல்லைப்புறங்களில் குப்பை எரிப்பதையும் 1957-இல் தடுத்துவிட்டது. அப்படியும் ஆகாயம் தெளியவில்லை.

உண்மைக் குற்றவாளியைக் காட்டிக் கொடுத்தவர் ஹாகன்-ஸ்மித் என்னும் ரசாயன சாஸ்திரி. ஹாலந்து தேசத்தில் பிறந்து, பாஸடீனாவிலுள்ள கால்டெக் கலாசாலையில் பேராசிரியராக இருந்த அவர், அன்னாசிப் பழத்தின் வாசனைக்கு எவ்வெப் பொருள்கள் காரணம் என்று பிரித்தறியும் வேலையில் ஈடுபட்டிருந்தார். பழத்தின் ஆவியைக் குளிரவைத்துத் துளிகளாக்கும் அதே முறையை ஊர்க் காற்றின்மீது பிரயோகித்தபோது, கபில நிறமும் கார நெடியும் உள்ள துளிகள் சில கிடைத்தன. அவற்றின் ஆதியைத் தேடிச் சென்ற அவர், 1950-களின் தொடக்கத்தில், முழுதும் எரியாத பெட்ரோல் ஆவியாகிய ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய வெளிச்சத்தில் கூடும்போது ஓஸோன் முதலிய கடுமையான வஸ்துக்கள் உண்டாகின்றன என்றும், பயிர்களைக் கருகச் செய்வதும் ரப்பரை வெடிக்கச் செய்வதும் அவையே என்றும் நிரூபித்தார். எண்ணெய்க் கம்பெனிகள் செலவு செய்து நடத்திய ஆராய்ச்சி அவர் கூற்றை மறுத்தது. மறுக்க மறுக்க அவர் மேலும் மேலும் பரிசோதனைகளைச் செய்து தம் கட்சியை ஸ்திரப்படுத்தினார். நகரவாசிகள் ஆலைகளின்மீது சுமத்திய குற்றத்தில் பெரும் பங்கு, தாங்கள் ஒவ்வொருவரும் ஆசையோடு ஓட்டிச் செல்லும் மோட்டாரையே சேர்ந்தது என்பது அப்போதுதான் வெளியாயிற்று.

ஆனால் மோட்டார்க் கம்பெனிகளின் மனம் இளகுவது சாஸ்திர உண்மை நிலைபெறுவதைக் காட்டிலும் கடினமாக இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் ஜில்லா நிர்வாக சபை அங்கத்தினரான கென்னத் ஹான் 1953 முதல் டெட்ராய்ட் நகரத்துப் பெரிய கம்பெனிகளின் தலைவர்களுக்குக் கடிதத்தின்மேல் கடிதமாக எழுதினார். புகை காற்றில் விரைவாகக் கலைந்துவிடும் என்ற வகையிலும், ஆராய்ச்சி நடக்கிறது என்ற வகையிலும் மரியாதையான பதில்களே வந்தன. 1960-இல் கலிபோர்னியா சர்க்கார் ஒரு தனி வாரியத்தை நியமித்து, ஒரு தந்திரமான சட்டத்தையும் செய்தது: புகையைச் சுத்தம் செய்யும் சாதனங்கள் இரண்டை அவ்வாரியம் அங்கீகரித்துவிட்டால், பிறகு புது வண்டிகளில் அத்தகைய சாதனம் கட்டாயமாகும். 1964-இல் மோட்டார்க் கம்பெனிகளைச் சேராத வெளியார் செய்த நான்கு சாதனங்கள் அங்கீகாரம் பெற்றன. பிறர் செய்த சாமானை விலைக்கு வாங்கித் தங்கள் வண்டியில் மாட்ட வேண்டிய நிலை வந்ததும், இன்னும் காலம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த கம்பெனிகள், 1966 மாடலிலேயே தாங்களே தங்கள் சொந்த முறையில் செய்துவிட முடியும் என்று அறிவித்தன. இந்தத் தாமதம் கூடிப் பேசி வைத்துக்கொண்டதுதான் என்று 1969-இல் மத்திய சர்க்கார் அவற்றின்மேல் வழக்குத் தொடர்ந்ததும், அது அவ்வருஷத்திலேயே சமரசத் தீர்ப்பில் முடிந்ததும் இந்தக் கதையின் பின்னுரை.

இவ்வாறு நிர்ப்பந்தத்தில் பிறந்ததே காற்றுப் பம்பு. ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கு ஏர் இன்ஜெக்ஷன் ரியாக்டர் என்றும், ஃபோர்டு தெர்மாக்டர் என்றும், அமெரிக்கன் மோட்டார்ஸ் ஏர் கார்டு என்றும் பெயரிட்டன. கிரைஸ்லர் கம்பெனி மட்டும் பம்பை நாடாமல், பெட்ரோலைக் குறைத்துக் காற்றை மிகுத்தும் தீப்பொறியின் காலத்தை மாற்றியும் அதே அளவை எட்டியது. சட்டம் கேட்டதோ, புகையில் ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 275 பங்குக்கும், கார்பன் மோனாக்ஸைடு நூற்றில் ஒன்றரைப் பங்குக்கும் மேற்படக் கூடாது என்பது.

பம்பின் தத்துவம் எளிமையானது. சிலிண்டரை விட்டு வெளியேறும் புகை அந்தக் கணத்தில் இன்னும் நெருப்பாகவே தகிக்கிறது. அதில் எரியத்தக்க பொருளும் மிஞ்சியிருக்கிறது. குறைவது பிராணவாயு ஒன்றே. ஆகவே எஞ்சினின் முன்புறத்தில், பெல்ட்டினால் சுழலும் ஒரு சிறு பம்பு, தகடுகள் பொருந்திய சுழலியால் வெளிக்காற்றை இழுத்து, ரப்பர்க் குழாய்களின் வழியே எக்ஸாஸ்ட் வால்வுகளின் வாயிலிலேயே செலுத்துகிறது. மிச்சம் அங்கேயே எரிந்து, பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியுமாகிப் போகிறது. உஷ்ணமான புகை திரும்பிப் பாய்ந்து ரப்பரையும் பம்பையும் பொசுக்கிவிடாதபடி, ஒரு திசைக்கே வழிவிடும் வால்வு காவல் நிற்கிறது. ஓட்டுகிறவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து திடீரென்று காலை எடுத்தால் எரியாத பெட்ரோல் அதிகமாக வெளியேறி, புதுக் காற்றோடு சேர்ந்து எக்ஸாஸ்டில் வெடிக்குமாகையால், அந்தச் சில விநாடிகளுக்கு மட்டும் பம்பின் காற்றை வெளியே திருப்பிவிடும் இன்னொரு வால்வும் பின்னர்ச் சேர்ந்தது. 1968-இல் இந்த அவசியம் தேசம் முழுவதற்கும் பரவியதும், அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான எம்.ஜி.பி. போன்ற பிரிட்டிஷ் கார்களும் இந்தப் பம்பைத் தரித்துக்கொண்டன.

வண்டி வைத்திருந்தவர்களுக்கு இந்த விருந்தாளி பிடிக்கவில்லை. சத்தம் எழுப்புகிறது, சக்தியைத் திருடுகிறது, மற்ற வேலைகளுக்குக் கை புகவிடாமல் மறைக்கிறது என்பன அவர்கள் புகார்கள். அவை முற்றிலும் பொய் அல்ல. ஆனால் அக்காலத்து எஞ்சின்களின் மந்தத்துக்குப் பெருங்காரணம் பம்பு அன்று, அழுத்தத்தைக் குறைத்ததும் தீப்பொறியைத் தாமதப்படுத்தியதுமே. இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்தது பம்பாகையால் தண்டனை அதற்கே கிடைத்தது. பெல்ட்டை அறுத்தார்கள், குழாய்களைப் பிடுங்கி ஓட்டைகளில் திருகாணி அடைத்தார்கள், பம்பு குப்பைக்குப் போயிற்று.

கம்பெனிகளும் பம்பை நித்தியமானதாகக் கருதவில்லை. 1970-ஆம் வருஷத்து மத்திய சர்க்கார்ச் சட்டம் புகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குறைய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னதும், 1975 மாடல்களில் பிளாட்டினம் முதலிய உலோகங்களைக் கொண்ட காடலிடிக் கன்வர்ட்டர் வந்தது. அதற்கும் காற்று தேவைப்பட்ட வண்டிகளில் பழைய பம்பே ஊழியம் செய்தது. புகையிலுள்ள பிராணவாயுவை அளக்கும் சென்சாரும் கணக்கிட்டுப் பெட்ரோல் தரும் கருவியும் வந்தபின் அதன் வேலை குறைந்து, குளிர்ந்த எஞ்சின் சூடேறும் சிறிது நேரத்துக்கு மட்டும் இயங்கும் மின்சாரப் பம்பாகச் சுருங்கிற்று. பம்பே இல்லாமல், புகையின் துடிப்பைக்கொண்டே காற்றை உள்ளிழுக்கும் வகை நம் தேசத்து மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிலும் பிற்காலத்தில் இடம் பெற்றது.

இன்று அக்காலத்துக் கார் ஒன்றில் பம்பை மாற்றுகிறவர் அந்தச் சரித்திரத்தையே கையால் தொடுகிறார். பெல்ட்டைக் கழற்றும் முன்பே புல்லியின் போல்ட்டுகளைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். பெல்ட் இறுகப் பிடித்திருக்கும்போதுதான் புல்லி சுழலாமல் நிற்கும். பம்பின் உடல் அலுமினியமாகையால் அதைப் பிடிகருவியில் நெரிப்பதும், சுத்தியலால் தட்டுவதும், இரும்புக் கம்பியால் நெம்பிப் பெல்ட்டை இழுப்பதும் ஆகாது. 1968 முதல் வந்த பம்புகளில் புல்லிக்குப் பின்னே சுழலும் விசிறியே தூசியை உதறித் தள்ளும் வடிகட்டி. அது கழற்றும்போது உடைந்தே வரும், அதன் துணுக்குகள் காற்று புகும் துவாரத்தில் விழாமல் காக்க வேண்டும். புதிய விசிறி சற்று நேரம் கிறீச்சிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. ரப்பர்க் குழாயின் உட்புறம் கருகியிருந்தாலோ, பம்பு மாற்றிப் பயனில்லை. காவல் வால்வு பழுதாகிப் புகை பின்னால் ஓடியிருக்கிறது, முதலில் மாற்ற வேண்டியது அதையே.

கலிபோர்னியாவில் 1975-ஆம் வருஷத்தையும் அதற்கு முற்பட்ட வருஷங்களையும் சேர்ந்த பெட்ரோல் கார்களுக்குக் காலந்தோறும் நடக்கும் புகைப் பரிசோதனை இப்போது இல்லை. பரிசோதகர் முன் நிற்கும் கட்டாயமற்ற ஒருவர், வார்ப்பில் பொறித்த தேதி எண்ணைப் படித்துப் பார்த்து, தம் வண்டி பிறந்த மாதத்துக்கு ஏற்ற பம்பைத் தேடி வாங்குவதை வெறும் சேகரிப்புப் பித்து என்று தள்ளிவிட முடியாது. பளபளக்கும் எஞ்சினில் அந்தப் பம்பு இல்லாவிட்டால், அவ்வண்டி வேகத்தையும் அழகையும் பற்றி மட்டுமே பேசும். அது ஓடிய வீதிகளில் மனிதர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நடந்தார்கள் என்பதையோ, ஒரு சாஸ்திரியின் பிடிவாதமும் ஒரு சட்டத்தின் சாமர்த்தியமும் சேர்ந்து செல்வம் மிக்க ஒரு தொழிலைப் பணியவைத்தன என்பதையோ சொல்லாது. ஊருக்கு நாம் பட்ட கடனையும் சேர்த்துக் காட்டுகிற வண்டியே தன் காலத்தைப் பற்றி முழு உண்மை பேசுகிற வண்டி.