யாருடைய இரவு?

1970 ஆகஸ்டு இறுதியில், சுமார் 1 லட்சம் பேர் வசித்த இங்கிலாந்தின் வைட் தீவில், பாட்டுக் கேட்க 5, 6 லட்சம் பேர் கூடியதாகக் கணக்கு. தீவுக்காரர்களின் எதிர்ப்பு பாராளுமன்றம் வரை போயிற்று. 1971இல் சட்டம் வந்தது: இரவில் 5,000 பேருக்கு மேல் கூட லைசென்ஸ் வேண்டும். விழா திரும்பியது 2002இல்தான்.

2007இல் கோவாக் கடற்கரையில் துவங்கிய சன்பர்ன், 2024 டிசம்பரில் தார்கல் கிராமத்துக்கு வந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், விஷயம் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. விழாவும் நடந்தது. 2025இல் அது மும்பைக்கு நகர்ந்தது.

இரண்டு இடத்திலும் சர்ச்சை இசையைப் பற்றியதல்ல. யாருடைய இரவு என்பதுதான்.

ஆடி மாதம் அம்பத்தூரிலும் ஆவடியிலும் அம்மன் கோவில் ஒலிபெருக்கி இதே இரவைத்தான் எடுத்துக்கொள்கிறது. முணுமுணுப்போடு சரி. அது நம் சப்தம். டிக்கெட் விற்ற சப்தம்தான் அந்நியமாகிறது.

2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விழாக்களுக்காக வருஷத்தில் 15 நாள், நள்ளிரவு வரை, அரசு தளர்த்தலாம். கடிகாரத்தை நம்புகிற விதி.

1964இல் தொழிற்பேட்டை வந்த அம்பத்தூரில், நைட் ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குகிறவனின் இரவு அந்தக் கணக்கில் இல்லை. எதிர்க்கிற ஊரின் கணக்கிலாவது அவன் உண்டா?