தங்கவயலும் நிழற்பட அன்பர்களும்

தங்கவயலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர் பெரும்பாலும் பொன்னைப் பற்றியே பேசுவர். ஜான் டெய்லர் கம்பெனியார் 1880ஆம் ஆண்டில் இங்கு வேலை தொடங்கியதும், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டதும், இடைப்பட்ட 121 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட பொன் வெளிவந்ததும், சாம்பியன் ரீப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் சென்றதும் நம் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். ஆனால் அப்பொன்னை எடுத்த மக்கள் எந்த மரத்தடியில் இளைப்பாறினர், அவர்தம் லைன் வீடுகளின் வாசல் எவ்வாறு இருந்தது, பேத்தமங்கலம் ஏரிக்கரையில் எப்பறவைகளைக் கண்டனர் என்று ஒருவர் வினவினால், விடை கூறும் ஏடு நம்மிடம் இல்லை. அதற்குரிய விடை ஏடுகளில் இல்லாமல், டிரங்குப் பெட்டிகளின் அடியில் கிடக்கும் நிழற்படங்களில் உள்ளது. அவற்றுட் பலவற்றை எடுத்தவர்கள் அதனைப் பிழைப்பாகக் கொண்டவரல்லர். வேலை முடிந்த நேரத்தில், கைக்காசைச் செலவிட்டுப் படம் பிடித்தவர்கள். அத்தகையோரின் வரலாற்றை, எனக்குத் தெரிந்த அளவில், ஈண்டு எழுத முற்படுகிறேன்.

நம் மைசூர்ச் சீமையில் இக்கலை ஆர்வலர் ஒருவரின் கையாலேயே பெயர் பெற்றது என்பது பலர் அறியாத செய்தி. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையிலிருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் அதிகாரி, 1854ஆம் ஆண்டின் இறுதியில் பேலூர், ஹளேபீடு ஆகிய ஊர்களுக்குச் சென்று அங்குள்ள கோயில்களைப் படம் பிடித்தார். அக்காலத்தில் பிலிம் கிடையாது. மெழுகு ஊட்டிய காகிதத்தின்மேல் மருந்து பூசி, அதனையே நெகடிவாகக் கொண்டு, நெடுநேரம் ஒளியேற விட வேண்டும். ஓர் இலை அசைந்தாலும் படத்தில் மங்கலாகிவிடும். அசையாத கற்கோயில் அவருக்கு ஏற்ற பொருளாயிற்று. அப்படங்களை 1855இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் வைத்தார், பரிசும் பெற்றார். எடுத்த படத்தைப் பெட்டியில் பூட்டாமல் பலர் காண வைத்தமையால்தான் அரசினரின் கண் அவர்மேல் விழுந்தது. மறு ஆண்டே சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபராக நியமிக்கப்பட்டார். அதே 1856இல் சென்னையில் போட்டோகிராபிச் சங்கமும் தோன்றிற்று. ஓவியப் பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்சாந்தர் ஹண்டர் அதற்கு முன்னின்றார்.

டிரைப் பின்னர்ப் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, சேலம், திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர் என நம் முன்னோர் நாடெங்கும் சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒரே நீள் சுருளாக இணைத்தார். இராசராசனின் எழுத்தை ஊர் ஊராக எடுத்துச் செல்லத்தக்க வடிவில் தந்த அச்செயலுக்குத் தமிழர் என்றும் கடப்பாடுடையர். இருப்பினும் 1859இல் சென்னைக் கவர்னர் டிரெவெலியன் இச்செலவு ஆடம்பரம் என்று கருதி அப்பணியை நிறுத்திவிட்டார். அரசாங்கத்தின் ஆதரவு இத்தன்மையதே. இன்று வரும், நாளை போகும். ஆர்வலனுக்கு எவரும் உத்தரவிடாமையால், அவனை நிறுத்தவும் எவராலும் இயலாது.

1888இல் ஈஸ்ட்மன் என்பவரின் கோடக் காமிராவும், 1900இல் ஒரு டாலர் விலையில் பிரவுனி என்னும் பெட்டிக் காமிராவும் வந்தபின் நிலைமை மாறிற்று. பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, தங்கவயலுக்கு இரயில் பாதை 1894இல் திறக்கப்பட்டது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, பெங்களூர் நகரம் விளக்குக் காண்பதற்கு மூன்றாண்டு முன்னரே, நம் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. இரயிலும் மின்சாரமும் உள்ள ஊரில் காமிராவும் இருட்டறையும் வந்து சேர்வது இயல்பே.

கம்பெனியார் காலத்துப் படங்களாக நான் கண்டவற்றில் ஷாப்டின் மேலுள்ள சக்கரக் கோபுரமும், மில்லின் இயந்திரமும், தொப்பியணிந்த துரைமாரின் வரிசையும் மிகுதி. வடஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்து கீழே இறங்கியவன் அப்படங்களில் இருந்தாலும், இயந்திரத்தின் பரிமாணத்தைக் காட்டும் அளவுகோலாகவே நிற்கிறான். நம்மவர் குடும்ப ஆல்பங்களில் நிலைமை வேறு. எங்கள் குடியிருப்பில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வைத்துள்ள ஆல்பத்தில் மாரியம்மன் திருவிழாக் கூட்டமும், மழை பெய்த மறுநாள் ஓடையும், சயனைடு மேட்டின் உச்சியில் காற்றாடி விடும் சிறுவர்களும் உள்ளனர். அவர் வைத்திருந்தது பரோடாவில் தயாரான அக்பா கிளிக் காமிரா. ஒரு சுருளுக்கு 12 படங்கள் மட்டுமே. ஆகவே யோசித்து யோசித்துத்தான் அமுக்க வேண்டும் என்பார். பிற்காலத்தில் உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் 'இந்து' சுருள்கள் வந்தன. கைப்பேசியில் ஒரே மயிலை நாற்பது முறை எடுக்கும் இன்றைய இளைஞருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம்.

வனவிலங்குகளின் பக்கம் வருவோம். இத்துறையில் தமிழர் இருவர் பெயரை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். ஒருவர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தர். இக்காலக் கருநாடகத்தைச் சேர்ந்த சண்டூர் சமஸ்தானத்தில் 1940களில் பணியாற்றியவர். வேலையை விட்டுச் சென்னை திரும்பி, 1950 முதல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 46 ஆண்டுகள் இடைவிடாமல் இயற்கையைப் பற்றி எழுதினார். பல உறுப்புகளைத் தாமே பொருத்தி அமைத்த கனத்த காமிரா ஒன்றுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கைப் பெயரிட்டு, அதனைச் சுமந்துகொண்டு காட்டானைகளைப் படம் பிடித்தார். கருப்பு வெள்ளையைத் தவிர வேறொன்றையும் அவர் நாடவில்லை. தமிழிலும் எழுதியுள்ளார், அக்கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் தொகுத்துள்ளார். நம் சங்க நூலகத்தில் இருக்கத்தக்க நூல்.

மற்றவர் தி.நா.ஆ. பெருமாள். 1932இல் தஞ்சையில் பிறந்து, பெங்களூரைத் தம் ஊராக்கிக்கொண்டு, 2017இல் மறைந்தார். பறவைப் படங்களுக்குப் பெயர் பெற்ற ஓ.சி. எட்வர்ட்ஸ் என்பவரிடம் பழகித் தொழில் நுட்பம் கற்றார். இலண்டன் இராயல் போட்டோகிராபிச் சங்கத்தின் பெல்லோ என்னும் சிறப்பைப் பெற்றார். தாம் கற்றதைத் தம்மிடம் வந்த இளைஞர்க்கெல்லாம் கற்பித்தார். இவர்கள் வளர்ந்த சூழலையும் கூறவேண்டும். 1953இல் இந்தியப் போட்டோகிராபிச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. அதில் முன்னின்று உழைத்த டாக்டர் ஜி. தாமஸ் பெங்களூரில் மருத்துவர். நாடித்துடிப்புப் பார்த்த நேரம் போக மிஞ்சியதை இக்கலைக்கு ஈந்தார். இந்தியப் போட்டோகிராபியின் வரலாற்றையும் நூலாக எழுதினார். 1971இல் பெங்களூரில் இளைஞர் போட்டோகிராபிச் சங்கம் தோன்றிற்று. படங்களைப் பெரிதாக அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, தபாலில் ஊர்விட்டு ஊர் அனுப்புவர்; நடுவர் பார்த்து, ஏற்றவற்றின் பின்புறம் முத்திரைச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவர். பல ஊர்ச் சீட்டுகள் பெற்ற படத்தின் பின்புறம், பல நிலையங்கள் கண்ட பார்சலைப்போல் காட்சியளிக்கும். முன்பின் அறியாதோர் ஒருவர்க்கொருவர் தம் ஊர்க் காட்சியைக் காட்டிக்கொண்ட முறை இதுவே.

அக்காலத்தவர் செய்த யாவற்றையும் போற்றவேண்டும் என்பதில்லை. பறவையின் கூட்டருகே மறைவு கட்டி உட்கார்ந்து படம் எடுப்பது அன்று பெருவழக்கு. குஞ்சுகளுக்கு அதனால் இடர் விளைவதை உணர்ந்தபின், இன்று பல போட்டிகளில் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. நம் மாவட்டத்திலேயே இதற்கு உரைகல் ஒன்று உள்ளது. கோலார் இலைமூக்கு வௌவால் என்னும் சிறு உயிர் 1994இல்தான் அறிவியலார் ஏட்டில் ஏறிற்று. அனுமனஹள்ளிக் குகையைத் தவிர உலகில் வேறெங்கும் அது வாழ்வதாக அறியப்படவில்லை. எஞ்சியிருப்பவை ஏறத்தாழ இருநூறே. பக்கத்துப் பாறையைக் கிரானைட்டுக்காக உடைத்தது அதன் அழிவுக்கு ஒரு காரணம். அத்தகைய குகைக்குள் பிளாஷ் விளக்குடன் நுழைவது ஆர்வமன்று. வாயிலில் நின்று குன்றையும் வெட்டுண்ட பாறையையும் எடுத்தால் போதும். காண்போர்க்கு அதுவே செய்தியைச் சொல்லும்.

இனி சயனைடு மேடுகள். 2018இல் வெளியான திரைப்படத்தால் நாடெங்கும் அவற்றை அறிந்துள்ளனர்; காமிராவுடன் வெளியூரார் வந்தவண்ணம் உள்ளனர். மாலை வெயிலில் அவை பாலைவனம்போல் பொலியும் என்பது மெய்யே. காற்றடிக்கும் மாதங்களில் அதன் தூசு நம் வீட்டுச் சோற்றுப் பானை வரை வருவதும் மெய்யே. அதைப் படம் பிடிக்க வெளியூரார் எவரும் காத்திருப்பதில்லை. பொன் பிரித்த கழிவு மண் மூன்று கோடி டன்னுக்கு மேல் அங்குக் குவிந்துள்ளது. அதில் எஞ்சியுள்ள பொன்னை எடுப்பதற்காக, ஏறத்தாழ 1,003 ஏக்கரில் உள்ள 13 மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கருநாடக அமைச்சரவை இசைவு தந்தது. வேலை நடந்தேறினால், நம் பாட்டனார் காலத்தில் இல்லாதிருந்து, நம் காலத்தில் மலையென நின்ற ஒன்று, நம் பேரர் காலத்தில் மீண்டும் இல்லாமற் போகும். வேலைவாய்ப்பு வருமாயின் அதனை வேண்டாம் என்போர் நம்மில் இலர். ஆனால் மேட்டடியில் இருந்த வீடுகளும், அதன்மேல் ஏறி விளையாடிய பிள்ளைகளும் இருந்தமைக்குச் சான்று அப்பெரியவரின் ஆல்பத்தைப் போன்றவையே.

அந்த ஆல்பத்தில் ஒரு படம் எங்களுக்குள் வழக்கையே மூட்டிவிட்டது. இரும்புக் கோபுரம் ஒன்றின்முன் பன்னிருவர் விளக்குகளுடன் நிற்கின்றனர். அது சாம்பியன் ரீப்பின் கிப்போர்டு ஷாப்டு என்கிறார் ஒருவர். மைசூர் மைன் எட்கர் ஷாப்டு என்கிறார் மற்றொருவர். எடுத்தவர் பெரியவரின் தமையனார், காலமாகிவிட்டார். படத்தின் பின்புறம் வெறுமையாக உள்ளது. நிற்போரில் நால்வர் பெயர் மட்டும் தெரிந்தது. அவற்றை மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பின்புறம் எழுதி வைத்துள்ளோம். மை ஊறி முன்பக்கம் தெரியும் என்பதால் பேனாவைத் தொடவில்லை. ஒட்டும் தாளிலிருந்த மற்றப் படங்களையும் பிரித்து, தனித்தனிக் காகித உறைகளில் இட்டு, சுவரின் ஈரம் படாத அலமாரிக்கு மாற்றியாயிற்று. எஞ்சிய எண்மரை அறிந்தவர் எவரேனும் இக்குடியிருப்பில் இருப்பின், சங்க அறையில் ஞாயிறு மாலைகளில் அப்படத்தைக் காணலாம்.