கவுல், வலசை, இராஜினாமா: சித்தூர்–திருப்பதி எல்லையில் வரியும் குடிபெயர்வும்

சித்தூர் மாவட்டத்தில் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை பயிரிடும் உழவரைத் தெலுங்கில் 'கௌலு ரைத்து' என்பர். 'கௌலு' அரபுமொழியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல். மூலப் பொருள் 'சொல்', 'வாக்கு'. தமிழ் வருவாய்த்துறை ஆவணங்களில் இது 'கவுல்' என வழங்கியது. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் கவுல் என்பது அரசோ அதன் அதிகாரியோ குடிகளுக்கு எழுத்தில் கொடுத்த உறுதிமொழி. இந்த ஊருக்கு வந்து குடியேறி, தரிசாய்க் கிடக்கும் இந்த நிலத்தை உழுதால் முதல் ஆண்டு இவ்வளவே தீர்வை, அடுத்த ஆண்டு இவ்வளவு, முழுத் தீர்வை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகே என்பது அதன் வழக்கமான உள்ளடக்கம். குறைந்த வரியைக் காட்டி அரசு குடிகளை அழைக்க வேண்டியிருந்த ஒரு காலம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

இரண்டு ஆட்சிப் பகுதிகளின் வரிச்சுமையை ஒப்பிட்டுப் பார்த்து எங்கே வாழ்வது என முடிவு செய்வது தற்கால அமெரிக்க வழக்கம் என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. அங்கே மாநிலங்கள் தனியாக வருமான வரி விதிக்கின்றன. டெக்சாஸ், புளோரிடா போன்றவை விதிப்பதில்லை. மக்கள் தமக்கு ஏற்ற வரியும் சேவையும் உள்ள ஊரைத் தேர்ந்து நகர்வதன் மூலமே தம் விருப்பத்தை அறிவிக்கிறார்கள் என்று சார்லஸ் டீபோ ஒரு கோட்பாடே வகுத்தார். அவர் கட்டுரை வெளிவந்தது 1956இல். ஆந்திரப் பிரதேசம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் இந்தியாவில் அந்தக் கோட்பாட்டுக்கு இடம் குறைவு. வருமான வரி ஒன்றியத்துக்கு உரியது. தொழில்வரி எந்த மாநிலத்திலும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என அரசமைப்பின் 276ஆம் உறுப்பு வரம்பிடுகிறது. 2017 ஜூலைக்குப் பின் சரக்கு–சேவை வரியும் எங்கும் ஒன்றே. வேலூரிலிருந்து சித்தூருக்குக் குடிபோக எண்ணும் ஒரு குடும்பம் ஒப்பிடுவதற்கு எஞ்சியிருப்பவை சில்லறைகள்: வீட்டு விலைப்பத்திரத்துக்குத் தமிழகத்தில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 விழுக்காடு, ஆந்திரத்தில் 7.5, வாகன வரியில் சில வேறுபாடுகள், பெட்ரோல் மீதான வரி ஆந்திரத்தில் கூடுதல் என்பதால் கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டுமுன் நிரப்பிக்கொள்ளும் வழக்கம். இவற்றுக்காக எவரும் வீட்டைக் காலி செய்வதில்லை.

இதே சாலையில் 200 ஆண்டுகளுக்கு முன் மூட்டை முடிச்சுகளுடன் நடந்தவருக்கு ஒப்பிட மிகுதியும் இருந்தது.

நிலம் மிகுந்து உழைப்பாளர் குறைந்த நாட்டில் அரசின் செல்வம் பரப்பளவில் இல்லை, குடிகளின் எண்ணிக்கையில் இருந்தது. எனவே குடி போய்விடும் என்ற அச்சமே வரியின் உச்சவரம்பாகச் செயல்பட்டது. திருப்பதியை அடுத்த சந்திரகிரி ஒரு ராஜ்ஜியத்தின் தலைமையிடமாக இருந்த விசயநகரக் காலத்தில் இதற்குக் கல்வெட்டுச் சான்றுகள் பல உண்டு. வரி தாங்காமல் நெசவாளரும் உழவரும் ஊரைவிட்டுப் போனதும், அவர்களை மீட்டழைக்கத் தறிக்கடமையும் பிற ஆயங்களும் குறைக்கப்பட்டதும் கோயில் சுவர்களில் பொறிக்கப்பட்டன. சந்திரகிரிக்குத் தெற்கே, சோழநாட்டிலும் நடுநாட்டிலும் கிடைத்த 1429ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. கொறுக்கை, ஆடுதுறை, எலவானாசூர் ஆகிய ஊர்களில் வலங்கையாரும் இடங்கையாரும் ஒன்றுகூடி, எந்த வரியை எவ்வளவு செலுத்துவது என்று தாமே முடிவெடுத்துப் பொறித்தனர். விளைவுக்கு ஏற்ற அளவில் வாங்காமல் முறையின்றி வரி தண்டியதால் ஓடிப்போக இருந்ததாகவும், மண்டலம் முழுதும் ஒருமித்து நில்லாததே தமக்கு நேர்ந்த அநீதிக்குக் காரணம் என்று பின்னர் உணர்ந்ததாகவும் அவற்றில் ஒரு சாசனம் கூறுகிறது. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இந்தக் கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்துள்ளனர். வெளியேறுதல், குரல் எழுப்புதல் என்ற இரண்டு வழிகளைப் பற்றி ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலைக் கற்பிக்கும் வகுப்புகளில் இந்தச் சாசனமும் இடம்பெறலாம். வெளியேற நினைத்தவர்கள் நின்று குரல் எழுப்பத் தீர்மானித்த அந்தக் கணத்தை அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

சென்னை நகரமே ஒரு வரிவிலக்கின் விளைவு என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது. 1639இல் தமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரை நிலத்தைக் கொடுத்தார். தமர்ல குடும்பத்தினர் பின்னர் காளஹஸ்தி ஜமீன்தார்களாக விளங்கினர். அவருடைய மேலதிகாரமோ சந்திரகிரியோடு பிணைந்த அரச மரபு. இத்தகைய கொடைகளையும் ஆங்கிலேயர் கவுல் என்றே அழைத்தனர். கோட்டை எழும்பியதும் கம்பெனி தன் பங்குக்கு ஒரு வாக்கு அளித்தது: இங்கே குடியேறுவோருக்கு 30 ஆண்டுகள் வரி இல்லை. நூற்றுக்கணக்கான நெசவுக் குடும்பங்கள் உள்நாட்டிலிருந்து தறியோடு வந்தன. நாயக்கர் ஆட்சியில் தறிக்கு என்ன கொடுக்கிறோம், கோட்டையடியில் என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டே அவர்கள் வந்திருப்பார்கள். தறியைப் பிரித்துச் சுமந்துவிடலாம் என்பதால், கிணறு வெட்டி நிலம் திருத்திய உழவனைக் காட்டிலும் நெசவாளிக்கு இந்தக் கணக்கு எளிது.

உழவரிலும் எல்லோரும் ஒரு நிலையில் இல்லை. செங்கல்பட்டு, வடஆர்க்காட்டுப் பகுதிகளின் வருவாய்ச் சொற்களில் 'உள்குடி', 'பரகுடி' என்ற இரண்டு வகைப் பாயக்காரிகள் உண்டு. உள்குடி ஊரில் வேரூன்றியவன். பரகுடி வெளியூரிலிருந்து வந்து உழுபவன். நிலத்தில் நிலைத்த உரிமை இல்லை, ஆனால் அவனுக்குக் கொடுக்கும் வாரம் கவர்ச்சியாக இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வரமாட்டான். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே நிறுவிய எல்லிஸ், 1818இல் மிராசு உரிமை பற்றி எழுதியபோது இந்தச் சொற்களை மிகுந்த கவனத்தோடு விளக்கினார். மொழியியலாளர்கள் அவருடைய முதல் பணியை மட்டும் நினைவில் வைத்திருப்பது ஒரு குறைதான். 'குடி' என்ற ஒரே வேர் குடும்பம், குடியிருப்பு, ஆட்சிக்கு உட்பட்டோர், உழவர் என்ற நான்கு பொருளையும் தாங்குவதையும், 'உள்', 'பர' என்ற முன்னொட்டுகள் அதை வரிவிகிதமாகவே மாற்றிவிடுவதையும் அந்த நூலில் காணலாம்.

தெலுங்கில் குடிபெயர்வுக்கு இயல்பான சொல் 'வலச'. விசயநகரம் மாவட்டத்துக் கொத்தவலசா போன்ற ஊர்ப்பெயர்கள் 'புதிய குடியேற்றம்' என்றே பொருள்படும். தமிழில் அதன் இணையான 'வலசை', படைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடுவதைக் குறித்தது. இன்று அச்சொல் தமிழில் பெரிதும் பறவைகளுக்கும் யானைகளுக்கும் உரியதாகிவிட்டது. மனிதருக்கு 'புலம்பெயர்வு' என்ற மரியாதையான சொல் வந்துவிட்டது.

1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு கம்பெனி வசமானது. 1911 வரை வடஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைமையிடம் சித்தூர்தான். அன்றைய வரைபடத்தைப் பார்த்தால் ஒப்பீட்டுக்கு எவ்வளவு இடமிருந்தது என்பது புலப்படும்: நடுவே கம்பெனி நேரடியாகத் தீர்வை வாங்கிய ஊர்கள், சுற்றிலும் கார்வேட்டிநகரம், காளஹஸ்தி, புங்கனூர், குப்பத்தை உள்ளடக்கிய கங்குந்தி ஜமீன்கள், மேற்கே மைசூர், வடக்கே, 1800இல் நிஜாமிடமிருந்து பெற்ற கடப்பைச் சீமை. இரண்டு நாள் நடைக்குள் மூன்று நான்கு வரிமுறைகள்.

கடப்பைச் சீமையில் மதனப்பள்ளியும் வாயல்பாடும் அடக்கம். இவை 1911இல்தான் சித்தூரோடு சேர்ந்தன. அங்கே 1800 முதல் 1807 வரை முதன்மைக் கலெக்டராக இருந்த தாமஸ் மன்றோ நிலத்தை அளந்து விதித்த தீர்வை மொத்த விளைவில் ஏறத்தாழ 45 விழுக்காடு. பதவியை விட்டுப் புறப்படும் ஆண்டில், அதாவது 1807 ஆகஸ்டில், அதை எல்லா நிலத்துக்கும் 25 விழுக்காடு குறைக்க வேண்டும், கிணற்றுப் பாசன நிலத்துக்கு இன்னும் 8 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று அவரே பரிந்துரைத்தார். குறைந்த தீர்வையும், வேண்டாத வயலை விட்டுவிடும் சுதந்திரமும் சேர்ந்தால்தான் குடி நிலைக்கும் என்பது அவர் வாதம். மேலிடம் ஏற்கவில்லை, ஊர்க் குத்தகை முறையைப் புகுத்தியது. பல ஊர்கள் நொடித்தன. 1820இல் ஆளுநராகத் திரும்பி வந்த பிறகே மன்றோவால் தன் குறைப்பை நடைமுறைக்குக் கொண்டுவர முடிந்தது. திருமலையில் அவர் பெயரால் ஒரு நிவேதனப் பாத்திரம் இன்றும் வழங்குகிறது. மதனப்பள்ளி வயல்களில் அவர் குறைத்த தீர்வையை நினைப்பவர் இல்லை.

வயலை விட்டுவிடும் சுதந்திரத்துக்கும் ஒரு சொல் இருந்தது. ரயத்துவாரி முறையில் குடியானவன் தனக்குக் கட்டுப்படியாகாத நிலத்தை அரசிடமே திருப்பிக் கொடுத்து எழுதிய பத்திரம் 'இராஜிநாமா'. 'ராஜி' என்பது இசைவு, 'நாமா' என்பது எழுத்து. அமைச்சர்கள் பதவி விலகும்போது நாம் பயன்படுத்தும் 'இராஜினாமா' அதே சொல்தான். நிலம் வேண்டிக் கொடுத்த மனு 'தர்க்காஸ்து'. ஓடிப்போவதற்குப் பதிலாக மனு எழுதும்படி ஆட்சி குடியானவனைப் பழக்கிய கதை இந்த இரண்டு சொற்களில் சுருங்கிக் கிடக்கிறது.

இடையே ஒன்று. கம்பெனிக்குத் திருப்பதியில் கிடைத்த வருவாய் இந்தக் கவலைக்கே அப்பாற்பட்டது. யாத்திரிகர் காணிக்கையையும் கட்டணங்களையும் அது 1843 வரை தானே நிருவகித்து, பிறகு ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைத்தது. உழவனும் நெசவாளியும் போய்விடக்கூடும், மலை போகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நிலைமை மாறியது. 1850களின் இறுதியில் தொடங்கிய புதிய நிலஅளவையும் வரித்திட்டமும் தீர்வையை 30 ஆண்டுகளுக்கு உறுதிசெய்தன. அடுத்தடுத்த வட்டங்களின் விகிதங்கள் ஒரே சூத்திரத்தால் கணிக்கப்பட்டன. மக்கள்தொகை பெருக, தரிசு சுருங்கியது. உழவனைத் தேடிக் கவுல் கொடுத்த நாட்டில் நிலத்தைத் தேடி உழவன் அலையலானான். வடஆர்க்காட்டிலிருந்து மக்கள் அப்போதும் பெயர்ந்தனர்; கோலார் தங்கவயலுக்கும், 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கும் போனார்கள். அவர்கள் ஒப்பிட்டது கூலியை. வரியை ஒப்பிட நிலம் வேண்டும்.

மாநில எல்லை வகுக்கப்பட்டபோது இந்த ஒப்பீடு எவர் நினைவிலும் இல்லை. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் திருத்தணிக்கும் திருப்பதிக்கும் போராடியது. படாஸ்கர் தீர்ப்பு கிராமத்தை அலகாகவும், நிலத்தொடர்ச்சியையும் மொழிப் பெரும்பான்மையையும் அளவுகோல்களாகவும் கொண்டது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. மாற்றாகச் செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதி ஆந்திரத்துக்குப் போய்ச் சத்தியவேடு வட்டமாயிற்று. தீர்வை எங்கே குறைவு என்று அந்தக் கிராமங்களில் எவரும் கேட்டறியவில்லை. ஆனால் விற்பனை வரி என்ற புதிய வேறுபாடு அதற்குள் முளைத்திருந்தது. அதன் தோற்றத்திலும் சித்தூருக்குப் பங்குண்டு. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1938இல் சித்தூருக்கும் கடப்பைக்கும் பரவியது. இழந்த கள்–சாராய வருவாயை ஈடுகட்ட இராஜாஜி அரசு 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. பின்னாளில் நரஹரிப்பேட்டைச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையில் நின்றது அந்த வரியின் எல்லையில்தான்.

மொழிக் கணக்கில் கைமாறிய அதே சத்தியவேட்டு வட்டாரத்தில், சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், 2008இல் ஸ்ரீசிட்டி எழுந்தது. சென்னைத் துறைமுகமும் சென்னையின் உதிரிப்பாகத் தொழிற்சாலைகளும் கைக்கெட்டும் தூரம், வரிச்சலுகையோ ஆந்திரத்தினுடையது. 2014 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையிடம் தமிழக வணிகவரித் துறை 2,400 கோடி ரூபாய் கேட்டது. ஒன்றிய வருமானவரி வழக்கும் சேர்ந்திருந்த நிலையில், ஆலை அந்த ஆண்டு நவம்பரில் மூடப்பட்டது. அதற்கு உதிரிப்பாகம் தந்த பாக்ஸ்கான் அடுத்த ஆண்டு ஸ்ரீசிட்டியில் ஷாவ்மி கைப்பேசிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. வரி ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. நோக்கியாவின் ஆணைகள் நின்றுபோனது பெரிய காரணம். எனினும் நிறுவனம் எல்லையின் இரு பக்கத்தையும் கணக்கிட முடிந்தது, அரசுகள் அதற்கு விடையளிக்க வேண்டியிருந்தது. சரக்கு–சேவை வரி வந்த பின்னும், மாநிலப் பங்கைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொள்ளும் வழக்கம் தொடர்கிறது. முதல் இத்தனை ஆண்டுகளுக்கு இவ்வளவு தள்ளுபடி, முழு வரி பிறகு: பெயர் 'புரிந்துணர்வு ஒப்பந்தம்', வடிவம் கவுல்.

கௌலு ரைத்துக்கு அப்படி எவரும் வாக்களிப்பதில்லை. ஆந்திரத்தின் 2019ஆம் ஆண்டுப் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டப்படி, பயிர்க்கடனும் காப்பீடும் பெற அவருக்கு 11 மாதம் செல்லும் ஓர் அட்டை வேண்டும். அந்த அட்டைக்கு நிலவுடைமையாளரின் கையொப்பம் வேண்டும்.