அலபாமா கேட்ட பட்டியலும் ஸ்டேட் வங்கி விற்ற பத்திரமும்

1956இல் அமெரிக்காவின் அலபாமா மாநில அரசு, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பிடம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. மான்ட்காமரியில் பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். மற்ற ஆவணங்களைக் கொடுத்த அமைப்பு, சாதாரண உறுப்பினர்களின் பெயர்களை மட்டும் தர மறுத்தது. பெயர் வெளியே போனால் வேலை போகும், அடி விழும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நீதிமன்ற அவமதிப்புக்கு விதித்த 10,000 டாலர் அபராதம் சில நாட்களில் 1,00,000 டாலராக ஏறியது. அப்போதும் அமைப்பு பட்டியலைக் கொடுக்கவில்லை. 1958 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதன் பக்கம் நின்றது. யாரோடு சேர்ந்திருக்கிறோம் என்பதை அரசிடம் சொல்லியே தீரவேண்டும் என்றால் சேர்வதற்கே ஆள் இருக்காது என்பது நீதிபதி ஹார்லன் எழுதிய தீர்ப்பின் சாரம்.

அறுபது ஆண்டுகள் கழித்து இந்திய ஒன்றிய அரசும் ஏறக்குறைய இதையே சொன்னது. நன்கொடை கொடுப்பவர் பழிவாங்கப்படக் கூடாது, அதனால் பெயர் தெரியாமல் கொடுக்க வழி வேண்டும் என்றது. 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரங்கள் வந்தன. 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை ஸ்டேட் வங்கியில் வாங்கலாம். கட்சி அதை 15 நாட்களுக்குள் பணமாக்கிக்கொள்ள வேண்டும். யார் கொடுத்தார் என்று கட்சி தேர்தல் ஆணையத்திடம் சொல்லத் தேவையில்லை. எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கம்பெனியும் தன் கணக்கில் காட்டத் தேவையில்லை. மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கம்பெனிகள் கொடுக்கக் கூடாது என்றிருந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள்.

இரண்டு இடத்திலும் வாதம் ஒன்றுதான், ஆனால் மறைப்பு யாரிடமிருந்து என்பதில் அவை நேரெதிர். அலபாமாவில் எளிய மனிதர்களின் பெயர்கள் அரசிடமிருந்து காக்கப்பட்டன. இங்கே வாங்கியவரின் விவரம் அரசு வங்கியிடமே இருந்தது. குற்ற வழக்குப் பதிவானால் விசாரணை அமைப்புகள் அதைக் கேட்டுப் பெறலாம் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. பத்திரத்தில் புற ஊதா ஒளியில் மட்டுமே தெரியும் ரகசிய எண் இருப்பதை 2018இல் ஒரு பத்திரிகையாளர் கண்டுபிடித்தார். எதிர்க்கட்சிக்குக் கொடுத்துவிட்டு ஆளுங்கட்சிக்கு அஞ்சுபவருக்கு இதில் என்ன பாதுகாப்பு? உண்மையில் எதுவும் தெரியாமல் இருந்தவர் வாக்காளர் ஒருவரே.

2024 பிப்ரவரி 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பில் நான் பெரிதாக மதிப்பது, அது அந்தரங்க உரிமையை உதறித் தள்ளவில்லை என்பதுதான். அரசியல் சார்பு ஒருவரது அந்தரங்கம் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் கொள்கையை வளைக்கக் கொடுக்கும் பணம் அந்தப் பாதுகாப்பில் வராது என்று கோடு கிழித்தது. அடுத்த மாதம் வெளியான பட்டியலில் முதலிடம் லாட்டரி நிறுவனமான ஃப்யூச்சர் கேமிங்குக்கு: 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள். அதில் 500 கோடிக்கு மேல் தி.மு.க.வுக்குப் போனது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பா.ஜ.க. பணமாக்கியது சுமார் 6,060 கோடி. லாட்டரிக் கம்பெனியின் கோடிகளை அலபாமாவின் உறுப்பினர் சந்தாவோடு ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

அமெரிக்காவும் சரியான இடத்தில் கோடு போட்டுவிடவில்லை. 1976இல் பக்லி வழக்கில் நன்கொடை விவரங்களை வெளியிடும் சட்டம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். கூட்டாட்சித் தேர்தல்களில் 200 டாலரைத் தாண்டினால் பெயர், முகவரி, தொழில், வேலை கொடுப்பவர் எல்லாம் பதிவாகின்றன. கலிபோர்னியாவில் 100 டாலரே எல்லையாக இருந்தது. ஒருபால் திருமணத்தைத் தடைசெய்ய அங்கே 2008இல் வாக்கெடுப்பு நடந்த பிறகு, தடைக்குப் பணம் கொடுத்தவர்களின் இருப்பிடங்களை யாரோ இணைய வரைபடமாகப் போட்டார்கள். அந்தத் தடையை நான் வெறுக்கிறேன். ஆனாலும் நூறு டாலர் கொடுத்தவரின் வீட்டு வாசலை ஊருக்குக் காட்டியதில் எந்த ஊழல் தடுக்கப்பட்டது என்று எனக்குப் புரியவில்லை. பெரும்பணமோ லாப நோக்கமற்ற அமைப்புகள் வழியாகப் பெயர் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

அங்கே ஒரு நல்ல வழியும் உண்டு. மிரட்டலுக்கும் பழிவாங்கலுக்கும் ஆளாகக்கூடும் என்று நிரூபிக்கும் சிறு கட்சிக்கு விலக்குக் கிடைக்கும். 1982இல் சோசலிஸ்ட் தொழிலாளர் கட்சி ஓஹியோ மாநிலத்துக்கு எதிராக அப்படித்தான் விலக்குப் பெற்றது. அச்சத்துக்கு ஆதாரம் கேட்டு, ஆளைப் பார்த்துக் கொடுக்கும் அத்தகைய விலக்கு இங்கும் வேண்டும். இங்கே 20,000 ரூபாய்க்குக் கீழே எவர் பெயரும் வேண்டாம் என்று மொத்தமாகக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறோம். தனக்கு அதற்கு மேல் நன்கொடையே வரவில்லை என்று பகுஜன் சமாஜ் கட்சி ஆண்டுக்காண்டு கணக்குக் கொடுத்துவந்திருக்கிறது.

பத்திரம் போய்விட்டாலும் 2013இல் வந்த தேர்தல் அறக்கட்டளைகள் இருக்கின்றன. எந்தக் கம்பெனிகள் அவற்றுக்குக் கொடுத்தன, எந்தக் கட்சிகளுக்கு அவை கொடுத்தன என்பது அறிக்கையில் இருக்கும். பல கம்பெனிகளின் பணம் ஒன்றாகக் கலந்த பிறகு யார் பணம் யாருக்குப் போனது என்பதை மட்டும் அந்த அறிக்கையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.