சொறிமுட்டைகளின் நாற்றங்கால்

திருத்தணி மலையின் 365 படிகளை ஏறி நின்றாலும் கடல் கண்ணில் படாது. ஆனால், இவ்வட்டாரத்தின் மழைநீர் கொசஸ்தலை ஆற்றில் கலந்து, பூண்டி ஏரி நிரம்பித் திறக்கப்படும் ஆண்டுகளில் எண்ணூர் முகத்துவாரம் வரை செல்கிறது. வயல்களில் இட்ட உரத்தின் ஒரு பகுதியும் அதனுடன் செல்கிறது. கடலில் சொறிமுட்டைகள் திடீரெனப் பெருகினால், புவி வெப்பமாதல் என்று ஒற்றைச் சொல்லில் காரணத்தை முடித்துவிடுகிறோம். கரையிலும், கரையைத் தாண்டி உள்நாட்டிலும் இருக்கும் காரணங்கள் பேசப்படுவதில்லை.

ஜெல்லி மீன், இழுதுமீன் என்று எழுத்தில் வழங்கும் இவ்வுயிரை நம் மீனவர்கள் சொறி என்பார்கள். மேனியில் பட்டவர்களுக்குப் பெயரின் பொருத்தம் புரியும். குடைபோல் மிதக்கும் அந்த உருவம் அதன் வாழ்வின் பாதி மட்டுமே. முட்டையிலிருந்து வரும் இளவுயிரி சில நாள்கள் நீந்திவிட்டு, கெட்டியான ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. அங்கே சில மில்லிமீட்டர் உயரமே உள்ள, பூவைப் போன்ற பாலிப்பாக மாறுகிறது. இனச்சேர்க்கை ஏதுமின்றி மொட்டுவிட்டுப் பெருகுகிறது. உணவு குறைந்தால் சில இனங்கள் உறைக்குள் ஒடுங்கி உறங்கவும் செய்கின்றன. நீரின் வெப்பமோ உப்புத்தன்மையோ உரிய அளவில் மாறும்போது, அடுக்கி வைத்த தட்டுகளைப் போலப் பாலிப்பின் உடல் பிளவுபட்டு, ஒவ்வொரு தட்டும் ஓர் இளஞ்சொறியாகப் பிரிந்து நீந்துகிறது. பாலிப்பையும் சொறியையும் வெவ்வேறு உயிர்கள் என்றே அறிவியல் உலகம் முதலில் எண்ணியிருந்தது. இரண்டும் ஒன்றே என்பதை நார்வேயைச் சேர்ந்த மிகைல் சார்ஸ் 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் காட்டினார்.

ஆகவே, கடற்பரப்பில் நாம் காணும் கூட்டம் வெறும் அறுவடை. நாற்றங்கால் அடியில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது எளிதன்று. பல இனங்களின் பாலிப்புகளை இயற்கைச் சூழலில் எவருமே இதுவரை பார்த்ததில்லை. அறிந்த அளவில், பாலிப்புகள் பெரும்பாலும் பரப்புகளின் கீழ்ப்புறத்தையே நாடுகின்றன. அங்கே வண்டல் படிந்து மூடாது. ஒளி குறைவதால் இடத்துக்குப் போட்டியிடும் பாசியும் குறைவு. பாறை, கிளிஞ்சல் ஓடு ஆகியவற்றின் அடிப்புறம் இதற்கு இயற்கையாக அமைந்த இடம். மிதவைத் தோணித்துறை, துறைமுகத் தூண், அலைத்தடுப்புச் சுவர், நெகிழிக் குப்பை ஆகியவற்றை நாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். கார்லோஸ் துவார்த்தே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2013இல் இக்கருத்தை வலுவாக முன்வைத்தனர். ஜப்பானில் புதிதாக அமைத்த ஒரு மிதவைத் துறையின் அடிப்புறத்தில் பாலிப்புகள் குடியேறி, அருகிலுள்ள நீரில் இளஞ்சொறிகள் கூடியதை 2014இல் வெளிவந்த ஆய்வு பதிவுசெய்தது.

உரத்தின் பங்கு இங்கேதான் வருகிறது. ஊட்டச்சத்து மிகுந்த நீரில் பாசி பெருக, அதையுண்ணும் நுண்ணுயிரிகளும் பெருகுகின்றன. பாலிப்புக்கு அவை உணவு. பின்னர் பாசி அழுகி உயிர்வளி குறையும்போது மீன்கள் விலகுகின்றன அல்லது மடிகின்றன. பாலிப் தாக்குப்பிடிக்கிறது.

தமிழகத்தில் இது ஏட்டுச் செய்தி அல்ல. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையம் கடலுக்கடியில் செல்லும் சுரங்கவழியே குளிர்விப்பு நீரை எடுக்கிறது. நீருடன் சேர்ந்து வரும் சொறிகள் வடிகட்டித் திரைகளை அடைப்பது அங்கு நெடுநாள் தொல்லை. 'கரன்ட் சயின்ஸ்' இதழில் 2000ஆம் ஆண்டிலேயே இதுபற்றி ஆய்வுக் கட்டுரை வெளியானது. சுவீடனின் ஆஸ்கர்ஷாம் நிலையத்தில் 2013இல் ஓர் உலையும், பிரான்சின் கிராவ்லின் நிலையத்தில் 2025 ஆகஸ்டில் நான்கு உலைகளும் இதே காரணத்தால் நிறுத்தப்பட்டன.

எல்லாச் சொறிகளையும் ஒழித்துவிடலாம் என்பதல்ல என் வாதம். உப்பும் படிகாரமும் இட்டுப் பதப்படுத்திக் கிழக்காசியாவுக்கு அனுப்பும் தொழில் தமிழக, ஆந்திரக் கடலோரங்களில் பலருக்கு வருமானம். சென்னைக் கடற்கரையில் ஒதுங்கிக் குளிப்பவர்களைக் கொட்டும் நீலக் குமிழிக்கும் (போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் என்ற விந்தைப் பெயர் கொண்டது) இந்த நாற்றங்காலுக்கும் தொடர்பில்லை. அது எங்கும் ஒட்டாமல் வாழும் வேறு வகை. தென் கொரியாவில் சிஹ்வா என்ற கடல்நீர்த் தேக்கத்தில் முக்குளிப்பவர்களைக் கொண்டு உயர் அழுத்த நீரால் பாலிப்புகளை அகற்றுகிறார்கள். எந்த இனம், எந்தத் தூணில் என்று தெரிந்திருப்பதால் அங்கே அது இயலுகிறது.

எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்துவிட்டன. வடசென்னைக் கரையோரம் கல் கொட்டிய தடுப்புகள் வரிசையாக நீள்கின்றன. இவற்றின் சுற்றுச்சூழல் அனுமதிக்கான அறிக்கைகள் மணல் அரிப்பையும் மீன்வளத்தையும் பேசுகின்றன. கட்டுமானத்தின் அடிப்புறத்தில் எவை குடியேறும் என்பதும் அவற்றில் கட்டாயக் கேள்வியாக இடம்பெற வேண்டும். பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று. ஆய்வுத் தகடுகளைக் கயிற்றில் கட்டிக் கடலில் தொங்கவிட்டு, குறித்த இடைவெளியில் எடுத்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்க்கும் முறை கல்பாக்கத்தில் பச்சை ஆளியையும் கொட்டலசையும் ஆராயப் பல்லாண்டுகளாகக் கையாளப்படுவதே. அதே தகட்டைத் திருப்பி, அதன் கீழ்ப்புறத்தையும் பார்க்க வேண்டும்.