கலப்பவர் கேட்கலாமா? தொலைக்கூட்டக் குரல்களின் வரலாறு

பலர் கூடிப் பேசும் தொலைக்கூட்டத்தில் குரல்களைக் கலக்க வேண்டுமெனில், கலக்கும் பொறி அவற்றைக் கேட்டாக வேண்டும். அக்குரல்களைக் காக்க வேண்டுமெனில், இடையில் நிற்கும் எவரும் கேட்கலாகாது. இவ்விரு தேவைகளின் முரண்பாடு தொலைக்கூட்டத் தொழில்நுட்ப வரலாறு நெடுகிலும் தொடர்கிறது.

இரண்டாம் உலகப்போரில், 1943 ஜூலை 15 அன்று வாஷிங்டனையும் லண்டனையும் இணைத்து சிக்சாலி இயங்கத் தொடங்கியது. பெல் ஆய்வகம் உருவாக்கிய இவ்வமைப்பு குரலை எண்களாக்கி, இசைத்தட்டில் பதிந்த இரைச்சலின் எண்களோடு கூட்டியது. அதே தட்டின் இணைப்படி மறுமுனையில் இருந்தால் மட்டுமே பேச்சு மீண்டது. திறவுகோல் இரு முனைகளிலும் இருந்தமையால், இடையில் எவரையும் நம்ப வேண்டிய தேவை எழவில்லை.

1970களில் அர்பாநெட் வலையமைப்பில் டேனி கோஹனும் பிறரும் குரலைப் பொதிகளாக அனுப்பினர். பாதுகாப்பான குரல்தொடர்பே அத்திட்டத்தின் முதன்மை நோக்கம். 1976இல் பல நிலையங்கள் கூட்டமாக இணைந்தபோது, ஒரு நேரத்தில் ஒருவரே பேசினார். அவர்கள் கையாண்ட குறியாக்கம் ஒற்றை மனிதக்குரலை மாதிரியாகக் கொண்டது. ஒருங்கே ஒலிக்கும் இரு குரல்களை அது தாங்காது. எனவே கலப்பதற்குப் பதிலாக, பேசும் உரிமை முறைவைத்து வழங்கப்பட்டது.

1996இல் வெளியான ஆர்டிபி நெறிமுறை, கலப்பான் என்னும் இடைநிலைப் பொறிக்கு முறையான இலக்கணம் வகுத்தது. 2004இல் எஸ்ஆர்டிபி பொதிகளை மறையாக்கியது. ஆயினும் கலப்பான் கலக்க வேண்டுமெனில் அதனிடமும் திறவுகோல் இருந்தாக வேண்டும். வழியில் கள்வர் பயம் நீங்கியது. பெட்டிச் சாவியோ சத்திரக்காரரிடம் தங்கிவிட்டது.

இதற்கான மாற்று, இடையில் கலக்காமலேயே விடுவது. வழங்கி பூட்டிய பொதிகளை அப்படியே கடத்தும்; கேட்பவரின் கருவியே கலக்கும். எவர் குரலைக் கடத்துவது எனத் தெரிவதற்காக, ஒலியளவை மட்டும் பொதியின் தலைப்பில் குறிக்கும் முறை 2011இல் வரையறுக்கப்பட்டது. ஆனால் புறத்தடயமும் பேசும். பொதிகளின் நீள வேறுபாட்டைக் கொண்டே, மறையாக்கிய பேச்சில் குறிப்பிட்ட சொற்றொடர்களைக் கண்டறிய இயலும் என 2008இல் ஓர் ஆய்வு காட்டியிருந்தது.

2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புகளும் நீதிமன்ற விசாரணைகளும் இத்தகைய கூட்டங்களுக்குள் குடிபெயர்ந்தன. திறன்பேசியோ இணையமோ இன்றிச் சாதாரணத் தொலைபேசியில் இணைபவரின் கருவி பல குரல்களைத் தானே கலக்க இயலாது. அவருக்காக வழங்கி திறந்து கலந்தே ஆக வேண்டும். அக்கணமே முனைக்கு முனை மறைவு கூட்டம் முழுமைக்கும் குலைகிறது. ஆக, எளிய கருவியுடையோரை வெளியே நிறுத்துவதா, அனைவரின் குரலையும் இடையிலிருப்பவரிடம் ஒப்படைப்பதா என்னும் வினா கணிதத்தால் மட்டும் தீர்வதன்று.